பூனையின் மூக்கில் ஆறாத புண்

1912ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக் குழந்தைக்கு நோய் கண்டிருந்தது. வளர்ப்பு நாய்க்கும் அதே நோய். ஆராயப் போன செர்ஜான் சகோதரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் அங்கே வளர்ந்த நான்கு மாதப் பூனைக்குட்டியையும் விடாமல் சோதித்தார்கள். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி பூனைக்குட்டியின் உடலிலும் இருந்தது. வீட்டுப் பூனைக்கும் இந்த நோய் வரும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

அறிந்ததோடு சரி. நாயைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. பூனையைப் பற்றி எப்போதாவது ஒன்று வந்தது. பூனைக்கு இந்த ஒட்டுண்ணியை எதிர்க்கும் திறன் இயல்பிலேயே உண்டு, வந்தாலும் அபூர்வம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், துருக்கி, ஈரான், பிரேசில் என்று பல நாடுகளில் பூனைகளைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே அது தவறு என்று தெரிந்தது. நோய் பரவியுள்ள ஊர்களில் பூனைகளும் தொற்றைச் சுமக்கின்றன. பெரும்பாலான பூனைகளில் வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தெரிகிற சில பூனைகளில் முதலில் கண்ணுக்குப் படுவது மூக்கிலோ காது மடலிலோ கண்ணிமையிலோ வரும் ஆறாத புண்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, வேம்பாருக்குப் போகும் வழியில் இருக்கிறது தருவைகுளம். செவுள் வலைப் படகுகளுக்குப் பேர்போன ஊர். நாள்கணக்கில் கடலில் தங்கிச் சூரையும் சீலாவும் மயில்மீனும் பிடித்துக்கொண்டு விசைப்படகுகள் கரையணையும்போது ஏலம் கூறுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை சுமக்கும் பெண்கள் எல்லாரும் கூடுவார்கள். அவர்களுக்கு முன்பே பூனைகள் வந்து உட்கார்ந்திருக்கும். எந்த மீன்பிடி ஊரிலும் பூனைக்குச் சொந்தக்காரர் யாரென்று சொல்வது கடினம். பகலில் ஏலக்கூடத்தில் குடல் தின்று, மதியம் வலைக் குவியலின் நிழலில் தூங்கி, இரவில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணைக்கு வரும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அடுத்த தெருவில் அதற்கு வேறு பெயர் இருக்கும்.

இப்படிப்பட்ட பூனை மூக்கில் புண்ணோடு வந்தால் “சண்டை போட்டு வந்திருக்கும், தானா ஆறிரும்” என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். கடுவன் பூனைகள் மோதிக்கொண்டால் முதலில் கிழிவது மூக்கும் காதும். மீன் முள் குத்தும், தூண்டில் முள்ளும் குத்தும். சொறிப்பூச்சி பிடித்தால் காதோரத்திலும் நெற்றியிலும் தடித்த பொருக்கு கட்டும். படர்தாமரைப் பூஞ்சை வட்ட வட்டமாக முடியைக் கொட்ட வைக்கும். வெள்ளை மூக்கும் வெள்ளைக் காதும் கொண்ட பூனைகளுக்குக் கடற்கரை வெயிலில் தோல் புற்றுநோய்கூட வருவதுண்டு. காது நுனியில் சிறு பொருக்காகத் தொடங்கி, மெல்ல மெல்லக் காதையே கரைத்துவிடும். தருவைகுளத்தில் ஒரு பூனைக்குப் புண் என்றால் நான் முதலில் நினைக்க வேண்டியவை இவை. லீஷ்மேனியா கடைசியில்தான் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் கட்டாயம் நினைவுக்கு வர வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் பாதி தமிழ் மண்ணில் நடந்தது. 1903ஆம் ஆண்டு மே 30 அன்று, வில்லியம் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகில் டம்டம்மில் பணியாற்றிக் காய்ச்சலோடு தாய்நாடு திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில், முட்டை வடிவில் சின்னஞ்சிறு உருவங்களைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தார். அதே நேரம் மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதே உருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவர்களின் மண்ணீரலில் கண்டவை அழுகலால் உண்டானவையோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. 1903 ஜூன் 17 அன்று, உயிரோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றிப் பார்த்தார். அங்கேயும் அவை இருந்தன. ஐயம் தீர்ந்தது. தகடுகளை லிவர்பூலில் இருந்த ரொனால்ட் ராஸுக்கும் பாரிஸில் இருந்த ஒட்டுண்ணி ஆய்வாளர் லாவெரானுக்கும் அனுப்பினார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த அதே ராஸ், இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். டோனவன் பிறகு ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளரானார்.

மெட்ராஸில் அன்று இந்த நோய் இருந்தது. உடல் வற்றி, வயிறு மட்டும் பெருத்து, தோல் கறுத்துச் சாகடிக்கும் காலா அசார் என்ற காய்ச்சல் அது. எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. கிண்டி கிங் நிலையத்தில் வேலை செய்த பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். டோனவன் வேறொரு ரத்தமுறிஞ்சும் பூச்சியைச் சந்தேகித்தார். மெட்ராஸ் தெருநாய்களையும் பிடித்துச் சோதித்தார்கள். நாய்களில் ஒட்டுண்ணி அகப்படவில்லை. துனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோல் 1908இல் நாய்களிடம் கண்டுபிடித்த அதே காலத்தில், மெட்ராஸ் நாய்கள் சுத்தமாக இருந்தது பெரிய புதிராக நின்றது. அந்தப் புதிருக்கான விடை பிற்பாடு வந்தது: மத்தியதரைக் கடல் நாடுகளில் இருப்பது லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்ற இனம், அது நாயில் குடியிருந்து மனிதருக்கு வரும். வங்கத்திலும் பீகாரிலும் இருப்பது டோனவானி. அது மனிதரிடமிருந்து ரத்தமுறிஞ்சும் ஒரு ஈ வழியாக மனிதருக்கே போகும். விலங்குக்கு அதில் இடமில்லை என்று பாடநூல்கள் எழுதிவைத்தன.

ஈ எது என்று உறுதிப்படுத்தவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. காலா அசார் இருக்கும் ஊர்களிலெல்லாம் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் என்ற மணல் ஈயும் இருக்கிறது என்று ஆய்வாளர் சின்டன் 1920களில் வரைபடம் போட்டுக் காட்டினார். 1924இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைப் பார்த்தார்கள். ஆனால் ஈ கடித்து யாருக்கும் நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை. நோயாளியின் ரத்தம் குடித்த ஈக்குத் திரும்பத் திரும்ப ரத்தமே கொடுத்துக்கொண்டிருந்ததுதான் தடை. ஸ்மித்தும் கூட்டாளிகளும் ரத்தத்துக்குப் பதிலாக உலர்ந்த திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை கிடைத்ததும் ஒட்டுண்ணி தொண்டை அடைக்குமளவு பெருகியது. அந்த வழியைப் பின்பற்றி சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் தாமாக முன்வந்த ஐந்து பேரை ஈக்களைக் கொண்டு கடிக்க வைத்து, 1942இல் விடையை வெளியிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்த அந்த ஐவரை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

மணல் ஈ என்றாலும் கடற்கரை மணலில் அது பெருகுவதில்லை. மாட்டுத் தொழுவத்தின் ஈரமண், சாணம் மக்கிய மூலை, மண்சுவரின் வெடிப்பு, இலை அழுகிய நிழல், கரையான் புற்று போன்ற இடங்களில் முட்டையிடும். கொசுவைப்போல் தண்ணீர் தேவையில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், உடலெல்லாம் மயிர், உட்காரும்போது இரண்டு சிறகையும் மேலே தூக்கி வைத்திருக்கும். காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லாததால் தத்தித் தத்தித்தான் போகும். சத்தம் கிடையாது. பெண் ஈ மட்டும் இரவில் ரத்தம் குடிக்கும். சாதாரணக் கொசுவலை இதற்குப் போதாது. சூரை வலையில் சாளை தப்பிப்போவதுபோல் கண்ணிக்குள் நுழைந்துவிடும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கமான கண்ணி வேண்டும், அல்லது பூச்சிமருந்து ஏற்றிய வலை வேண்டும்.

கடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் வியப்பான பகுதி. கொசுவின் ஊசி நேராக ரத்தக்குழாயைத் தேடிப் போகும். மணல் ஈக்கு அந்த நுணுக்கம் இல்லை. தோலை அறுத்து, ஊறும் ரத்தத்தைக் குடிக்கும். ஒட்டுண்ணிகள் அதன் தொண்டைப் பகுதியில் ஒரு பசையைச் சுரந்து அடைத்து வைத்திருப்பதால் ஈயால் எளிதாக உறிஞ்ச முடியாது. திணறித் திணறி அடைப்பை வெளியே தள்ளும்போது, நூற்றுக்கணக்கான ஒட்டுண்ணிகள் வாலோடு தோலுக்குள் போய் விழுகின்றன. காயம் பட்ட இடத்துக்கு உடலின் காவல் அணுக்கள் ஓடிவருகின்றன. அவற்றில் பெருவிழுங்கி என்ற அணு கிருமிகளை விழுங்கி, அமிலமும் நொதியும் நிறைந்த பைக்குள் போட்டுக் கரைத்துவிடும். கிட்டத்தட்ட எல்லாக் கிருமிகளும் அங்கே சாகும். லீஷ்மேனியா சாவதில்லை. வாலை உதிர்த்து, முட்டை வடிவமாகச் சுருங்கி, அந்த அமிலப் பைக்குள்ளேயே வாழப் பழகிக்கொண்டு, இரண்டு நான்காகப் பெருகுகிறது. அணு வெடித்ததும் அடுத்த பெருவிழுங்கி அதை விழுங்குகிறது. மறைந்து வாழ அதற்கு வேறு இடமே வேண்டாம்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் அதன் நீளம். சாயமேற்றினால் ஒவ்வொன்றிலும் இரண்டு அடையாளம் தெரியும்: உருண்டையாக உட்கரு, அதன் பக்கத்தில் குச்சிபோல் ஒரு சிறு கோடு. அந்தக் கோடு ஒட்டுண்ணியின் தனித்துவமான மரபணுப் பொதி. டோனவன் 1903இல் பார்த்தது இதைத்தான். பூனையின் புண்ணிலிருந்து எடுத்த துளியில் இன்று கால்நடை மருத்துவர் தேடுவதும் இதைத்தான். நூற்றிருபது ஆண்டுகளில் எவ்வளவோ கருவிகள் வந்தும், ஊசியும் கண்ணாடித் தகடும் சாயமும் நுண்ணோக்கியும் இன்னும் செல்லாக் காசாகவில்லை.

பூனையிடம் நோய் எப்படித் தெரியும்? தலைப்பகுதியிலும் கால் நுனிகளிலும் சிறு முடிச்சுகள். சில உடைந்து புண்ணாகும், பொருக்குக் கட்டும், ஆறும்போல் தோன்றி மறுபடி வெடிக்கும். தாடைக்குக் கீழும் தோள் முன்னும் நிணநீர் முடிச்சுகள் பெருக்கும். கண் சிவந்து மங்கும். சில பூனைகள் இதனாலேயே பார்வை இழக்கின்றன. ஈறு வீங்கி, எச்சில் ஒழுகி, மீனைக் கண்டும் தின்ன முடியாமல் ஒதுங்கும். உடல் இளைக்கும், சிறுநீரகம் கெடும். ஈ கடித்து இவையெல்லாம் வெளியே தெரிய மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

எல்லாத் தொற்றும் நோயாவதில்லை. பூனையின் எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும்வரை ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும். அதைக் குலைக்கும் வேறு நோய் வந்தால் தலைதூக்கும். பூனைகளுக்கென்றே ஒரு எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ் உண்டு. மனிதருக்கு வரும் எச்.ஐ.வி.யின் உறவுக்காரன், ஆனால் மனிதருக்குத் தொற்றாது. அது பரவும் முக்கிய வழி சண்டையில் விழும் ஆழமான கடி. வெளியே திரிந்து சண்டையிடும் கடுவனுக்குத்தான் அது அதிகம் வருகிறது. அதனால் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்வது குட்டிகளைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சண்டை குறைகிறது, வைரஸ் குறைகிறது, உள்ளே தூங்கும் எந்த ஒட்டுண்ணிக்கும் விழித்தெழ வாய்ப்புக் குறைகிறது.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். தருவைகுளத்துக்கு மேற்கே பொதிகை மலை. அகத்தியமலைக் காடுகளின் கேரளப் பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணி மக்களின் குடியிருப்புகளில், தோலில் ஆறாத புண் உண்டாக்கும் லீஷ்மேனியா நோய் இருப்பது தெரியவந்து பல ஆண்டுகளாகின்றன. 2015இல் வெளியான ஆய்வு, அந்தப் புண்களில் இருப்பது டோனவானி இனமே என்று காட்டியது. பீகாரில் உள்ளுறுப்புகளைத் தின்று சாகடிக்கும் இனம், இங்கே தோலோடு நின்றுவிடுகிறது. இரண்டு ஆண்டுகளில் இன்னொரு செய்தி வந்தது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் அந்தக் குடியிருப்புகளின் வீட்டு நாய்களைச் சோதித்தபோது, நாய்களிடமும் டோனவானியின் தடயம் இருந்தது. மெட்ராஸ் நாய்களில் கிடைக்காதது, நூறாண்டு கழித்து அகத்தியமலை நாய்களில் கிடைத்தது. விலங்குக்கு இடமில்லை என்ற பாடநூல் வரியைத் தென்னிந்தியா திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறது.

அந்த மலையில் பிறந்து தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னக்காயலில் கடலில் கலப்பது தாமிரபரணி. நோய் ஆற்றில் மிதந்து வராது, பயப்பட வேண்டாம். ஆனால் மலையும் கரையும் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. நாயும் பூனையும் மாடும் மனிதரும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கிழக்கே கடலுக்கு அப்பால் இலங்கை. அங்கேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியா நோயாளி 1992இல் பதிவானார். தொடக்கத்தில் வடக்கின் காடுகளில் நிறுத்தப்பட்ட ராணுவத்தினரிடம் அதிகம் காணப்பட்டது. பிறகு ஊர்மக்களிடம் வந்தது. 2003இல் அதுவும் டோனவானியே என்று இனம் கண்டார்கள். 2008இல் மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்று அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை எனப் பல மாவட்டங்களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது. புண்ணைச் சுற்றி ஆன்டிமனி மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், அல்லது திரவ நைட்ரஜனால் உறைய வைக்கிறார்கள். ஈ அங்கேயும் அர்ஜென்டிபஸ்தான். தமிழ்நாட்டிலும் அந்த ஈ உண்டு.

தருவைகுளத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே சிறையில் மாதக்கணக்கில் இருக்க நேர்வது நாம் செய்தித்தாளில் படிப்பதுதான். திரும்பி வந்தவர்களில் யாருக்காவது முகத்திலோ கையிலோ வலியில்லாத, அரிக்காத, மாதக்கணக்கில் ஆறாத சிறு புண் இருந்தால், மருத்துவரிடம் காட்டும்போது “இலங்கையில இருந்துட்டு வந்தேன்” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் மருத்துவர் சேற்றுப்புண் களிம்பும் ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பூனை இதில் எங்கே வருகிறது? 2007இல் இத்தாலியில் ஒரு ஆய்வு. இயற்கையாகவே இன்ஃபான்டம் தொற்றியிருந்த பூனையை மணல் ஈக்கள் கடிக்கும்படி விட்டார்கள். ரத்தம் குடித்த ஈக்களின் வயிற்றில் ஒட்டுண்ணி உயிரோடு பெருகியது. பூனை நோயை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் ஈக்குத் திருப்பியும் கொடுக்க முடியும் என்று அதனால் தெளிவானது. நாய் அளவுக்கு அது பெரிய பங்கு வகிப்பதில்லை. ஆனால் நோய் இருக்கும் ஊரில் நாயை மட்டும் பார்த்துவிட்டுப் பூனையை விட்டுவிட்டால் கணக்குச் சரியாக வராது. அகத்தியமலையில் நாய்களிடம் தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள். தேடினால்தான் கிடைக்கும். திண்ணையில் படுத்திருக்கும் பூனையையும் தேடலில் சேர்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

இதைப் படித்துவிட்டு யாரும் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. பூனையைத் தொட்டால் இந்த நோய் வராது. அதன் முடி, கீறல், எச்சில், அது முகர்ந்த மீன் எதிலும் வராது. நடுவில் ஈ வேண்டும். ஈயை விட்டுவிட்டு விலங்கைக் கொன்றால் என்ன ஆகும் என்று பிரேசில் காட்டிவிட்டது. பல பத்தாண்டுகளாகத் தொற்றுள்ள நாய்களை அரசே பிடித்துக் கொன்றது. மனிதருக்கு வரும் நோய் அதனால் அடங்கவில்லை. கொன்ற நாயின் இடத்துக்குப் புதிய குட்டிகள் வந்தன, அவற்றுக்கும் தொற்றியது. உயிர்களைக் கொன்றதற்கு அறிவியல் நியாயமும் இல்லாமல் போனது.

காப்பாற்ற நினைத்துப் பூனையைக் கொல்வதும் நடக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். ஈயையும் உண்ணியையும் விரட்ட நாய்க்குக் கழுத்தில் ஊற்றும் சொட்டுமருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு அது பாதுகாப்பு. பூனைக்கு அது விஷம். பூனையின் கல்லீரலில் இத்தகைய பொருள்களைக் கழித்து வெளியேற்றும் நொதி வேலை மிகவும் குறைவு. சில மணி நேரத்தில் உடல் நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். நாய்க்குப் போட்ட அன்று பூனை அதை ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. நாய்க்கான டெல்டாமெத்ரின் கழுத்துப்பட்டையும் பூனைக்கு ஆகாது. காய்ச்சல் என்று அரை பாராசிட்டமால் மாத்திரையை மீனுக்குள் வைத்துக் கொடுத்தால் அதுவே அதன் கடைசி வேளையாகிவிடலாம். சிரங்கு பிடித்த நாய்க்கு எஞ்சின் கழிவு ஆயில் தடவும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. பூனைக்கு அதைத் தடவினால் நாள் முழுவதும் நக்கி நக்கி வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். பூனைக்கென்றே செய்த, ஃப்ளூமெத்ரினும் இமிடாக்ளோபிரிடும் கொண்ட கழுத்துப்பட்டை ஒன்று உண்டு. சிசிலிக்கு அருகில் லிபாரி தீவின் பூனைகளில் சோதித்தபோது அது லீஷ்மேனியா தொற்றைப் பெருமளவு குறைத்தது. நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது, எல்லார்க்கும் இயலாது. இயலாதவர்கள் பூனையை இரவில் தொழுவத்தில் படுக்க விடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மண்சுவர் வெடிப்பைப் பூசலாம். சாணத்தை வீட்டோரம் குவிக்காமல் தள்ளி வைக்கலாம். இவற்றால் மனிதருக்கும் நன்மைதான்.

நோய் உறுதியானால் மருத்துவம் உண்டு. அல்லோபியூரினால் என்ற மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். மனிதரில் மூட்டுவாத யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தருகிற அதே மருந்து. ஒட்டுண்ணி அதைத் தன் உணவென்று நினைத்து எடுத்துக்கொண்டு, தன் மரபணுப் பொருளைக் கெடுத்துக்கொள்கிறது. ஆன்டிமனி ஊசியும் உண்டு. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனி மருந்தை உருவாக்கி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தார். இன்றைய ஊசிகள் அந்த வழி வந்தவை. முழுவதும் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு சக்தி குறைந்தால் திரும்பி வரும். ஆனால் பூனை தின்னும், விளையாடும், பல ஆண்டு வாழும்.

மனிதர் பக்கத்தில் நல்ல செய்தி இருக்கிறது. 1950களிலும் 60களிலும் மலேரியாவுக்காகத் தெளித்த டி.டி.டி. இந்தியாவில் காலா அசாரையும் அடக்கியது. தெளிப்பு நின்றதும் பீகாரில் திரும்பி வந்து பல்லாயிரம் பேரைக் கொன்றது. இன்று மருந்தும் கண்காணிப்பும் சேர்ந்து, 2022லிருந்து நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாகவே நோய் பதிவாகிறது. வங்கதேசம் 2023இல் உலகிலேயே முதல் நாடாக இதைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இப்படி வடக்கே ஒட்டுண்ணி ஒடுங்கும் நேரத்தில், தெற்கே தோல் நோயாகத் தலைகாட்டுவதை அலட்சியமாக விடக் கூடாது. விலங்குகளில் அது ஒளிந்திருந்தால், மனிதரை மட்டும் எண்ணி ஒழித்துவிட்டோம் என்று சொல்வது நிலைக்காது.

கால்நடை மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடிக் கரையிலிருந்து தொலைவில்லை. கடலோர ஊர்களிலிருந்தும் மலையடிவார ஊர்களிலிருந்தும் வரும் பூனைகளில் ஆறாத முடிச்சோ புண்ணோ கண்டால், களிம்பு எழுதுவதற்கு முன் ஒரு ஊசித்துளியைத் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிப் பாருங்கள். புற்றுநோயாக இருந்தால் அதுவும் அங்கேயே தெரியக்கூடும், பூஞ்சையாக இருந்தாலும் தெரியக்கூடும். பூனைக்கு எப்படியும் லாபமே.

தருவைகுளத்திலும் வேம்பாரிலும் வைப்பாரிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் பூனையின் மூக்கிலோ காதிலோ கண்ணிமையிலோ வந்த புண் மூன்று நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் அதைச் சண்டைக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். கையில் இருப்பதைத் தடவாதீர்கள். துணிப்பையிலோ மீன் கூடையிலோ வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, எங்கே படுக்கும், வெளியூரிலிருந்து வந்த பூனையா என்று சொல்லுங்கள். புண்ணிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.